மூன்று ஞாயிறும் ஒரு மாண்டலினும்

விமான நிலையத்துக் கண்ணாடிக் கூண்டில் இருந்த அதிகாரி, என் பாஸ்போர்ட்டைப் புரட்டுவதற்கு முன்பே என் தோளில் தொங்கிய பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“உள்ளே என்ன?”

“மாண்டலின்.”

“இசைக் கலைஞரா?”

“இல்லை சார். ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். ஆனால் உங்கள் ஊர்ப் பாட்டுதான் வாசிப்பேன்.”

“எங்கள் ஊர்ப் பாட்டா! யார் சொல்லிக்கொடுத்தார்கள்?”

“செல்போன்” என்றேன். மனுஷன் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அயர்லாந்துக்குள் என்னை அனுப்பி வைத்தது அந்தச் சிரிப்புதான்.

பின்னால் நின்ற என் மனைவி சரோஜாவுக்குப் பொறுக்கவில்லை. “எத்தினி நாளு தங்குவ, எதுக்கு வந்தன்னு நோண்டி நோண்டி கேப்பாங்கன்னு ரெண்டு மாசமா பயந்துகினு இருந்தேன். இங்க இன்னாடான்னா பாட்டு கிளாசு நடக்குது. பேரப்புள்ள பாக்க வந்தமா, கச்சேரிக்கு வந்தமாங்க?”

இரண்டுக்கும்தான் வந்திருந்தேன்.

என் பெயர் முனிரத்தினம். திருத்தணிக்காரன். சென்னை–திருப்பதி பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் சீட்டுக் கிழித்தேன். பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். பஸ்ஸில் ஜனங்கள் பேசக் கேட்டுப் படித்தது மீதி. கனகம்மாசத்திரத்தில் பூக்கூடையோடு ஏறும் ஒரு அம்மா ஒருநாள் சொன்னாள்: “கண்டக்டரே, நீ ஸ்டாப்பு பேரு கூவறதே பாட்டு மாதிரி கீது. நெசமாவே பாடுனா, ஸ்டாப்பு வந்துடுச்சுன்னு எல்லாம் எறங்கிடுவாங்க போல!” பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த வார்த்தை உள்ளே ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டது.

ஓய்வு பெற்ற மாதம் சென்னையில் ஒரு பழைய சாமான் கடையில் மாண்டலினை வாங்கினேன். சினிமாப் பாட்டு கற்றுக்கொள்ளத்தான் ஆசை. நம் ஆட்களின் வீடியோவைப் போட்டால், தந்தியைத் தொடுவதற்கு முன்னால் கால் மணி நேரம் பேசுகிறார்கள். அப்போது செல்போன் தானாகவே ஒரு அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்தியது. சிவப்பு ஸ்வெட்டர், நரைக்கத் தொடங்கிய தலை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து நாட்டுப்புறப் பாட்டுகளைச் செல்டிக் இசை என்கிறார்களே, அதை மாண்டலினில் பாடம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தாள். பேச்சு குறைவு. கையைப் பார்த்தால் போதும். அதில் ‘ஜிக்’ என்று ஒரு வகை, ஆறு ஆறாக எண்ணி ஆடுகிற பாட்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிறவர் காலுக்கும் பொருந்தும். மூன்றாம் பாடத்து ஜிக்கைக் கேட்டதும், சினிமாப் பாட்டை மறந்துவிட்டேன்.

ஆறு வருஷம். வீடியோவின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து வைத்துக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு, பதினோரு பாட்டு கற்றேன். வாசித்துக் காட்டத்தான் ஆள் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிற பாஷா பாய் ஒருவர்தான் பொறுமையாகக் கேட்பார். ஒருநாள் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் கீது நைனா. ஆனா நீ தப்பா வாசிச்சாலும் எனுக்கு இன்னா தெரியப்போவுது?”

அவர் வெள்ளை மனசோடுதான் சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நான் வாசிப்பது பாட்டா, வெறும் சத்தமா? சொல்லக்கூடியவர்கள் யாரும் மணவூரிலும் இல்லை, அரக்கோணத்திலும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை அவர்களோடு சேர்ந்து வாசித்துவிட வேண்டும். அப்போது தெரிந்துவிடும். இதுதான் நான் பெட்டிக்குள் மறைத்து எடுத்துப்போன வேண்டுதல்.

மகள் சுதா அங்கே மேற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நர்ஸ். மாப்பிள்ளை ரவி நகரிக்காரர், கம்ப்யூட்டர் வேலை. நாங்கள் போன ஒன்பதாம் நாள் பேத்தி பிறந்தாள். அப்புறம் எனக்கு ஏது மாண்டலின்? பூண்டு உரிப்பது, துணி காயப்போடுவது, மழை வந்ததும் எடுப்பது, மழை விட்டதும் மறுபடி போடுவது. அங்கே ஒரு நாளைக்கு ஏழு தடவை மழை வந்து போகிறது. நம்மூர் மழை மாதிரி சொல்லிக்கொண்டு வருவதில்லை; கடன்காரனைக் கண்ட ஆள் மாதிரி சந்தில் நுழைந்து சந்தில் போய்விடுகிறது.

சாப்பாடு வீட்டில் ரசமும் சோறும்தான். வெளியே ஒருமுறை ரவி அழைத்துப்போனார். சைவம் என்று சொன்னதும், உருளைக்கிழங்கை வேகவைத்து, மசித்து, பொரித்து மூன்று விதமாக ஒரே தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். நம் பக்கத்துக் கல்யாணத்தில் அப்படிப் பரிமாறினால் சம்பந்தி வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் டீ விஷயத்தில் அவர்களும் நாமும் ஒரே கட்சி. பால் ஊற்றி, கறுக்கக் கறுக்க, எந்நேரமும்.

திரும்புவதற்கு மூன்று ஞாயிறுகள் மிச்சம் இருந்தபோது சுதாவே சொன்னாள். “அப்பா, பக்கத்து டவுன்ல ஒரு பப்புல ஞாயித்துக்கெழமை மத்தியானம் எல்லாரும் உக்காந்து வாசிப்பாங்களாம். கூட வேல செய்யற பொண்ணு சொன்னா. போயினு வா. பொட்டிய தொறக்காமயே எடுத்துகினு போனா உன் மூஞ்சிய பாஷா மாமா பாக்க மாட்டாரு.”

முதல் ஞாயிறு பஸ்ஸில் போனேன். அந்த பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. டிரைவரே சீட்டும் கொடுக்கிறார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது வேறு. இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவரைப் பார்த்து ‘நன்றி’ என்று சொல்லிவிட்டு இறங்குகிறார்கள்! கிழவர், பள்ளிப் பிள்ளை, காதில் பாட்டு மாட்டியிருக்கிற பெண், ஒருவர் பாக்கியில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்தேன். “சில்லற இல்லாம எதுக்கு வண்டில ஏற்றீங்க” என்று நான் சொன்னதும், “நீ இன்னா கலெக்டரா” என்று அவர்கள் சொன்னதும்தான் ஞாபகம் வந்தது. அடுத்த ஆள் சொல்கிறானா பார்ப்போம், அடுத்த ஆள் சொல்கிறானா பார்ப்போம் என்று எண்ணிக்கொண்டே இருந்ததில் என் ஸ்டாப்பு போய்விட்டது. ஊர் ஊராகக் கூவி ஜனங்களை இறக்கிவிட்டவன், இறங்க மறந்து, இரண்டு மைல் மழையில் திரும்பி நடந்தேன். இறங்கும்போது நன்றி சொன்னேன் என்பது மட்டும் ஆறுதல்.

பப் என்றதும் நம்மூர் டாஸ்மாக்கை நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே குழந்தைகள் படங்களுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். நாய் ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. மூலையில் பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது, எதிரே ஸ்வரம் எழுதிய காகிதம் கிடையாது. ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் எல்லாரும் அதே பாட்டை ஒன்றாக வாசிப்பார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

என் பெட்டியைப் பார்த்ததும் நோரா என்ற வயதான அம்மா நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். அவர் வாசிப்பது உள்ளங்கைகளுக்குள் அடங்குகிற ஒரு குட்டி ஆர்மோனியம் மாதிரி. எதிரே பிடில்காரர் டெக்லன், வாரநாட்களில் பால் லாரி ஓட்டுகிறவர். பெயரைக் கேட்டார். ‘முனிரத்தினம்’ அவர் வாய்க்குள் போய் ‘முனி’ ஆகத் திரும்பி வந்தது. நான் டீ சொன்னேன். பிஸ்கட்டோடு வந்தது.

டெக்லன் பிடில்மேல் வில்லைப் போட்டார். மூன்றாம் பாடத்து ஜிக்!

முதல் ஸ்வரத்திலேயே எனக்கு மயிர் சிலிர்த்தது. விரல்கள் தந்திமேல் போய் உட்கார்ந்தன. உட்கார்ந்தபடியே இருந்தன. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டே எதற்கோ காத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் மூன்று சுற்று வாசித்து, நிற்காமலே இன்னொரு பாட்டுக்குத் தாவி, அதையும் முடித்து நிறுத்தினார்கள். நிறுத்தினார்களோ இல்லையோ, அந்த அமைதியில் என் கை தானாக ஜிக்கின் முதல் வரியை வாசித்தது.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஓ, முனிக்கு அது மறுபடியும் வேண்டுமாம்!” என்று டெக்லன் சிரித்தபடி பிடிலை எடுத்தார். அவர்கள் தொடங்கியதும் என் கை நின்றுவிட்டது.

திரும்பும் பஸ்ஸில்தான் புரிந்தது. வீடியோ டீச்சர் ஒரு வரி வாசிப்பாள். நிறுத்துவாள். கேமராவைப் பார்த்து, “இப்போது நீங்கள்” என்பாள். நான் வாசித்து முடிக்கும்வரை சும்மா இருப்பாள். ஆறு வருஷமாக அவள் வாசிக்கும்போது நான் சும்மா, அவள் சும்மா இருக்கும்போது நான். பாடத்தின் கடைசியில் முழுப் பாட்டையும் ஒருமுறை வாசிப்பாள். அப்போது நான் மாண்டலினை மடியில் போட்டுவிட்டுக் கேட்பேன். இன்னொருவர் சத்தத்தின்மேல் என் சத்தத்தை ஒரு நாளும் வைத்ததில்லை. விரல் பாட்டைக் கற்றதோடு, நிற்பதையும் சேர்த்துக் கற்றிருக்கிறது.

மறுநாள் சரோஜா பேத்தியை மடியில் போட்டுத் தாலாட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாகக் கூடவே வாசித்துப் பார்த்தேன். அவள் பாடினால் என் கை நிற்கிறது. அவள் மூச்சு வாங்கினால் ஓடுகிறது.

“நான் பாடறப்ப ஏங்க நிக்கறீங்க?”

“நானா நிக்கல. கைதான் நிக்குது.”

“முப்பத்திரெண்டு வருஷமா நான் பேசறப்ப ஒரு தபா வாய மூடினதில்ல. இப்ப கைய மூடினு உக்காந்துகிறீங்க” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போவுது வுடுங்க, குழந்த தூங்கிடுச்சி” என்றாள்.

பாஷா பாயிடம் போனில் சொன்னேன். “அவ்ளோதானே? பிரேக்கு புடிச்சினு கீது நைனா. வண்டி நல்லா கீது, பிரேக்கு ஷூ ஒட்டிகிச்சு. லூசு பண்ணு, ஓடும்” என்றார். எந்த நட்டைத் திருகி லூசு பண்ணுவது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாம் ஞாயிறு ரவி காரில் கொண்டுபோய் விட்டார். டெக்லன் என்னைப் பார்த்ததும், “முனி, இன்று நீங்கள் தொடங்குங்கள். நாங்கள் பின்னால் வருகிறோம்” என்றார். தொடங்குகிறவர் கையில்தான் பாட்டு இருக்கும் என்பது அவர்கள் வழக்கம். அவர் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். அவர் நிறுத்தினால்தான் நிற்கும்.

தொடங்கினேன். முதல் வரி. இரண்டாம் வரி. என் மாண்டலின் அவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை. நோரா கண்ணை மூடித் தலையாட்டினார். அப்புறம் அவர் சேர்ந்தார், பூனை வந்து பக்கத்தில் படுப்பதுபோல. டெக்லனின் பிடில் சேர்ந்தது. பிறகு எல்லாரும். நாலு பக்கமிருந்தும் அந்தச் சத்தம் ஏறி வந்து என்னைத் தூக்கியது. எதற்கு ஆறு வருஷம் ஏங்கினேனோ அதன் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

என் கை நின்றது.

தொடங்கியவன் நிறுத்திவிட்டான் என்று நினைத்து நோரா நிறுத்தினார். டெக்லன் அரை வரி தனியாக ஓடி, என்னைப் பார்த்து, வில்லைத் தூக்கிவிட்டார். கடைசியாகப் புல்லாங்குழல்காரர் ஒருவர் கண்ணை மூடியபடி இன்னும் நாலு ஸ்வரம் வாசித்து, கண்ணைத் திறந்து வெட்கப்பட்டார். நல்ல வேகத்தில் போன பாட்டு பாதி ரோட்டில் நின்றது, டீசல் தீர்ந்த பஸ் மாதிரி. அந்த மாதிரி நின்றால் நான்தான் கீழே இறங்கி ஜனங்களுக்குச் சமாதானம் சொல்வேன். அன்று தட்டிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாருக்கும் நடப்பதுதான்” என்று நோரா என் கைமேல் கை வைத்தார். “எவ்வளவு நாளாகக் கற்கிறீர்கள்?”

“ஆறு வருஷம்.” வீடியோ, டீச்சர், இப்போது நீங்கள், எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஆறு வருஷம்” என்று அவர் திருப்பிச் சொன்னார். முகம் வாடிவிட்டது. மூன்று வாரம் என்று நான் பொய் சொல்லியிருந்தால் அவர் முகம் அப்படி ஆகியிருக்காது.

அந்த வாரம் நான் மனுஷனாக இல்லை. துணி காயப்போடுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் செல்போன்தான். பாடத்தை விட்டுவிட்டு, டீச்சர் கடைசியில் வாசிக்கிற முழுப் பாட்டை மட்டும் போட்டேன். சத்தத்தை அடியோடு குறைத்து, கதவுக்குப் பின்னால் யாரோ வாசிப்பதுபோல் வைத்துக்கொண்டு, கூடவே வாசித்தேன். கை நின்றது. திட்டினேன். மறுபடி. செவ்வாய் ஒரு புள்ளி சத்தம் கூட்டினேன். புதன் இன்னொரு புள்ளி. வியாழன் எல்லாம் போய் முதலிலிருந்து. வெள்ளிக்கிழமை பெட்டியை மூடிவிட்டு, இந்த வயதில் இதெல்லாம் எனக்கு எதற்கு என்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை மனசு கேட்காமல் எடுத்தேன். முழுச் சத்தம். டீச்சரும் நானும் ஒரு சுற்று முழுக்க, நிற்காமல், கடைசி ஸ்வரம்வரை போனோம்.

சமையலறையிலிருந்து சரோஜா எட்டிப் பார்த்தாள். “இன்னாங்க, ரெண்டு பேரு வாசிச்ச மாதிரி கீது?”

ஒரே ஒரு தடவைதான். மறுபடி முயன்றபோது பாதியில் நின்றது. ஆனால் ஒரு தடவை ஓடியது இன்னொரு தடவை ஓடாதா? செவ்வாய்க்கிழமை விமானம். நாளைக்கு ஒரு ஞாயிறு இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு நான் உள்ளே நுழைந்ததுமே டெக்லன் எழுந்து வந்தார். முகம் நிறையச் சிரிப்பு. “முனி, நோரா எங்களுக்கு எல்லாம் சொன்னார். வாரம் முழுக்க உங்களைப் பற்றித்தான் பேச்சு. ஒரு யோசனை செய்திருக்கிறோம். உங்கள் டீச்சர் மாதிரியே நாங்களும் ஒரு வரி வாசித்து நிறுத்துகிறோம். பிறகு நீங்கள். அடுத்த வரி நாங்கள். பிறகு நீங்கள். எப்படி?”

வேண்டாம் ஐயா, நிறுத்தாதீர்கள், இன்றைக்கு என்னால் கூட வர முடியலாம் என்று சொல்ல வேண்டியதுதானே? ஓயாமல் பேசியே பிழைத்தவன் நான். ஆனால் பதினோரு பேரும் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். நோரா, தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட மேடையில் ஏறுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நமக்காகவே சமைத்து இலை போட்டுக் காத்திருப்பவர்களிடம் எப்படிப் பசியில்லை என்பது? “ரொம்ப சந்தோஷம்” என்றேன்.

அவர்கள் ஒரு வரி வாசித்தார்கள். நிறுத்தினார்கள். பதினோரு முகமும் என்னைப் பார்த்தது. நான் வாசித்தேன். அடுத்த வரி. நிறுத்தினார்கள். நான் வாசித்தேன். ஒரு ஸ்வரம் பிசகவில்லை. திருத்தணியில் கட்டில்மேல் உட்கார்ந்து எப்படி வாசித்தேனோ அப்படியே, அச்சு அசலாக, அவ்வளவு சுத்தமாக. ஒரு இடத்திலும் அவர்கள் சத்தம் என் சத்தத்தைத் தொடவில்லை.

முடிந்ததும் கை தட்டினார்கள். பதினோரு பேரும், கல்லாவில் இருந்தவரும், வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த குழந்தைகளும். டெக்லன் காலால் தரையைத் தட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று ஞாயிறாக அந்த வட்டத்துக்குள் யாரும் யாருக்கும் கை தட்டி நான் பார்க்கவில்லை. டெக்லன் எப்பேர்ப்பட்ட வாசிப்பு வாசித்தாலும், முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, “அடுத்தது என்ன?” என்பார்கள். உள்ளே இருக்கிறவனுக்கு எதற்குக் கை தட்டுவது? விருந்தாளிக்குத்தான் தட்டுவார்கள்.

நாற்காலிகள் பழையபடி திரும்பின. டெக்லன் அடுத்த பாட்டைத் தொடங்கினார். எனக்குத் தெரிந்த பதினொன்றில் அது இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. ஐந்து மணிக்கு ரவி கார் வந்தது. நோரா என்னைக் கட்டிக்கொண்டு, “அடுத்த வருஷமும் வாருங்கள். நாங்கள் இங்கேதான் இருப்போம்” என்றார். மனசாரத்தான் சொன்னார். சரி என்றேன்.

திருத்தணிக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை பாஷா பாய் கடைக்குப் போனேன். கழற்றிப் போட்டிருந்த ஒரு என்ஜினை விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இன்னா நைனா, வாசிச்சியா இல்லியா?”

“வாசிச்சேன் பாய்.”

“தப்பு கிப்பு?”

“ஒரு தப்பும் இல்ல.”

“அவங்க இன்னா சொன்னாங்க?”

“கை தட்னாங்க.”

“எல்லாருமேவா?”

“ஆங். எல்லாரும்.”

பாஷா பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ரோட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “மாஸ்டர், ரெண்டு டீ போடு, ஸ்டிராங்கா! நம்ம கண்டக்டரு அயர்லாந்து போயி, அவங்க பாட்ட அவங்களுக்கே வாசிச்சி, கைதட்டு வாங்கினு வந்துகிறாரு!”

திருப்பதி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என்னிடம் சீட்டு வாங்கிய பழைய முகங்கள் இரண்டு மூன்று அதில் இருந்தன. ஒருவர் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

நான் நடு ரோட்டில் நின்று எல்லாரையும் கும்பிட்டேன்.